உன் குரலில் நான் பாடிய சரணம்

நேற்று ஸ்டுடியோவில் மிக்ஸர் மேசையை நகர்த்த வேண்டியிருந்தது. பின்னால் ஒயர் ஒன்று தளர்ந்து, வலது ஸ்பீக்கர் காலையிலிருந்து இரைந்துகொண்டே இருந்தது. மேசைக்கும் சுவருக்கும் நடுவில், தூசிக்குள், உன்னுடைய கறுப்பு நெயில் பாலிஷ் பாட்டில் கிடந்தது. மூடி ஒட்டிப்போயிருந்தது. வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டுத் திருகினேன். உள்ளே பாதி இறுகிவிட்டது. வாசனை மட்டும் அப்படியே இருந்தது. தலையைப் பிடிக்கும் அந்த நெடி ஏசி அறை முழுக்கப் பரவியதும், மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பாட வரும் நாளில் முதல் வேலையாக நகத்துக்குப் பூசுவாய். அது காயும் வரை விரல்களை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். கதவைத் திறப்பது, ஹெட்போனை மாட்டிவிடுவது, டீயை வாயருகே பிடிப்பது எல்லாம் என் பொறுப்பு. "நீ பாட வந்தியா, என்னை வேலை வாங்க வந்தியா?" என்று கேட்டால், "கை காயுற நேரத்துலதாண்டி தொண்டை சூடாவுது" என்பாய். பிறகு அந்தக் கறுப்பு நகங்களோடு மைக் முன்னால் நின்று, ஏதாவது ஒரு பட்டுக்கடைக்காக, முகூர்த்தப் புடவை எடுக்க வாங்க என்று சிரித்த குரலில் பாடுவாய். ஆட்டோவில் கட்டிய ஸ்பீக்கரில் அது ஊரெல்லாம் சுற்றும். அந்த மங்களக் குரலின் சொந்தக்காரி தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்தியவள் என்று ஊருக்குத் தெரியாது.

உனக்கு எழுத வேண்டும் என்று பல மாதங்களாக நினைக்கிறேன். உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம். அதற்கு முன்னால் உன்னிடம் சொல்லியாக வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்குப் பயந்தே தள்ளிப்போட்டேன். நீ பாதியில் விட்டுப்போன பாட்டை நான் முடித்தேன். உன் குரலிலேயே முடித்தேன்.

ஏனாத்தூர்க் கல்லூரியில் படித்தபோது நாம் ஐந்து பேர் ஒரு பேண்ட் வைத்திருந்தோம், ஞாபகம் இருக்கும். நீ முன்னால் நின்று பாடுவாய். நான் கீபோர்டு, அதோடு உனக்குத் துணையாக இரண்டாவது குரல். நாம் மேடை ஏறினால் முன்வரிசைப் பேராசிரியர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். கடைசி வருஷம் ஒரு மதியம், சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னை எழுப்பி, விடுதிக்குப் பின்னால் புதிதாகக் கட்டி இன்னும் தண்ணீர் விடாமல் இருந்த பெரிய தொட்டிக்குள் ஏணி வழியாக இறக்கினாய். ஈரச் சிமெண்ட் வாசனை. தலைக்கு மேலே சதுரமாக வெயில். "பேசாம நில்லு" என்றுவிட்டு, வார்த்தை இல்லாமல் ஒரே ஒரு சுரத்தை இழுத்தாய். நீ நிறுத்திய பிறகும் அது நிற்கவில்லை. சுவரைச் சுற்றி வந்து, ஒன்று பலவாகி, தூரத்தில் எங்கோ பெண்கள் கூட்டமாகப் பாடுவது போலக் கேட்டு, மெல்லத் தேய்ந்தது.

"கேட்டியா?" என்றாய். "பேண்டுல அவனுங்க அடிச்சிக்கினே இருக்கானுங்க. என் குரல் எங்க போவுதுன்னு எனக்கே தெரியல. எனக்கு இதாண்டி வேணும்."

அந்த வாரம்தான் உன் போனில் அந்த வெளிநாட்டுப் பாடகியை எனக்குக் கேட்கக் கொடுத்தாய். ராக் பேண்டில் பாடிப் புகழ் பெற்றவள். அதை விட்டுவிட்டுத் தனியாகப் பாட ஆரம்பித்தவள். இருண்ட கூடத்தில் புகை எழும்புவது போன்ற குரல். சாவு, நிழல், காத்திருப்பு, இவைதான் பாட்டெல்லாம். எனக்குப் பயமாக இருந்தது. "இந்த மாதிரி பாட்டுக்கு காத்திக்னு பேரு" என்று நீ சொன்னாய். "பயப்படாத. சோகத்துக்குப் பக்கத்துல போய் உக்காந்துக்கினா அது ஒண்ணும் பண்ணாதுடி. தூரத்துல இருந்து பாத்தாத்தான் பயம்."

பேண்ட் கலைந்தது. ஆளுக்கொரு வேலைக்குப் போனார்கள். நான் பெரிய காஞ்சிபுரத்தில், கோயில் தெருவுக்குப் பின்சந்தில், மாடியில் ஒற்றை அறை பிடித்து ஸ்டுடியோ போட்டேன். பக்திப் பாட்டும் கடை விளம்பரமும் வந்து அறை வாடகையைக் கட்டின. இடையே கிடைத்த நேரமெல்லாம் உன்னுடையது. உன் குரலையே நாலைந்து அடுக்காகப் பாடி ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பாய். அடியில் ஒரே சுரத்தை நான் கீபோர்டில் அழுத்திப் பிடித்திருப்பேன். குளத்துக்குள் மூழ்கிய மண்டபம், பிரகாரத்து வௌவால், அப்பா போன பிறகும் ஆணியில் தொங்கிய சட்டை என்று எழுதினாய். இணையத்தில் ஏற்றினோம். கேட்டவர்கள் சிலர்தான். ஆனால் கேட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

உன் அம்மா மட்டும் கேட்கவில்லை.

அவர் மேல் எனக்கு அப்போது கோபம் இருந்தது. இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. உன் அப்பா போன பிறகு பட்டுக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, நாளெல்லாம் கல்யாணக் கூட்டத்தின் முன்னால் புடவை விரித்து மடித்தவர். அங்கே கறுப்பு என்ற பேச்சே கூடாது. சரிகையில் கறுத்த இழை ஒன்று தெரிந்தாலும், பெண் வீட்டார் முகம் சுளித்து அடுத்ததை எடுக்கச் சொல்வார்கள். அந்த வேலையிலிருந்து வீட்டுக்கு வந்தால், மகள் கறுப்பு உடுத்திக்கொண்டு சாவைப் பாடிக்கொண்டிருப்பாள். ஒரு தடவை நீ கட்டாயப்படுத்தி அவர் காதில் ஹெட்போனை மாட்டினாய். நானும் அங்கே இருந்தேன். அப்பாவின் சட்டையைப் பற்றிய பாட்டு. பாதியிலேயே பிடுங்கிப் போட்டுவிட்டார்.

"இன்னாடி இது, எழவு வூட்டுல ஒப்பாரி வெக்கிற மாதிரி? உங்கப்பாவ அனுப்பிட்டு உக்காந்துக்கினு இருக்கேன். இன்னும் யாரை அனுப்பணும்னு பாடிக்கினு இருக்கற?"

நீ ஹெட்போன் ஒயரைச் சுற்றிப் பையில் வைத்தாய். அந்த வாரமே ஐயம்பேட்டையில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாய். ஷேர் ஆட்டோவில் ஏறினால் கொஞ்ச தூரம். அந்தத் தூரத்தை நீங்கள் இருவருமே கடக்கவில்லை.

மழைக்காலம் ஆரம்பிக்கும்போது, "அம்மாவுக்கு ஒரு பதில் பாட்டு பண்றேன்" என்றாய்.

"பதில்னா? சண்டையா, சமாதானமா?"

"முடிக்கும்போதுதான் தெரியும்" என்றாய். எனக்கு இன்றுவரை உன்னிடமிருந்து கிடைத்த பதில் அவ்வளவுதான்.

முதல் சரணத்தை ஒரே தடவையில் பாடினாய்:

ஆயிரம் புடவை விரித்தாய் அம்மா,
யாருக்கோ எல்லாம் மடித்தாய் அம்மா.
என் நிறம் எதுவென்று கேட்டதுண்டா?
இருட்டுக்கும் ஒரு சரிகை உண்டம்மா.

இரண்டாம் சரணத்துக்கு வார்த்தை வரவில்லை. "மெட்டு மட்டும் வெச்சிக்க, வார்த்தை அப்பறம்" என்று முணுமுணுத்துப் பதிவு செய்தாய். கண்ணை மூடிக்கொண்டு, உதடு திறக்காமல், அந்த மெட்டை முழுதாகப் பாடினாய். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒடம்பு கசகசன்னு இருக்குது. நாளைக்கு வரேன்" என்று சொன்னதும் அதிலேயே பதிவாகியிருக்கிறது.

காய்ச்சல் என்று படுத்தாய். பிறகு ஆஸ்பத்திரி. டெங்கு என்றார்கள். ரத்த அணுக்கள் இறங்குகின்றன என்றார்கள். உன் அம்மா கடை வாசலிலிருந்து அப்படியே ஓடிவந்தார். அவர் வந்தபோது உனக்கு நினைவு சரியாக இல்லை. அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். நீ பார்த்தாயா, கேட்டாயா என்று யாருக்கும் தெரியவில்லை. அப்படியே போய்விட்டாய். நர்ஸ் உன் நகத்திலிருந்த கறுப்பை முன்பே துடைத்திருந்தார். விரல் நுனிகள் யாருடையதோ போல இருந்தன.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் காலையில் உன் அம்மா ஸ்டுடியோவுக்கு வந்தார். முதல் தடவையாக. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற மைக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"எனக்காக ஏதோ பாடிக்கினு இருக்கான்னு சொன்னியேம்மா. முடிச்சிட்டாளா?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரைத் தேற்றுவதற்காக நான்தான் அதைச் சொல்லியிருந்தேன். இப்போது அவர் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"முடிச்சிட்டா ஆன்ட்டி. கொஞ்சம் சரி பண்ற வேலை இருக்குது. அடுத்த வாரம் வாங்க."

இந்தப் பொய்யோடு நின்றிருந்தால் பாதகமில்லை. அடுத்த வாரத்துக்குள் எப்படியாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் படியிறங்கிப் போனதும் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஒருவர் பாடியதை இன்னொருவர் குரலாக மாற்றித் தரும் மென்பொருள் உனக்கும் தெரியும். அதைக் கேலி செய்து சிரித்திருக்கிறோம். உன் பழைய பதிவுகளையெல்லாம் அதற்குக் கொடுத்தேன். உன் முணுமுணுப்பு மெட்டுக்கு நானே வார்த்தை எழுதினேன்:

கேட்காமல் போனாலும் கோபமில்லை,
கேட்டதாய் எண்ணியே கண் மூடினேன்.
போய்வருகிறேன் அம்மா, அழ வேண்டாம்,
புடவை மடிப்பில் என்னைத் தேடு.

நீ பார்த்தால் காறித் துப்பியிருப்பாய். உன் நாலு வரிக்குப் பக்கத்தில் இது பாயசம். ஆனால் நான் மைக் முன்னால் நின்று பாடி, அதை மாற்றி, ஸ்பீக்கரில் போட்டபோது, நீ பாடினாய். உன் மூச்சு, உன் கரகரப்பு, வரி முடியும் இடத்தில் நீ குரலை லேசாகக் கைவிடும் விதம், எல்லாம் இருந்தது. நான் அழுதேன். உன்னை நினைத்து மட்டும் அழுததாகச் சொன்னால் அது பொய். இத்தனை வருஷம் உனக்குப் பின்னால் நின்று இரண்டாவது குரல் பாடியவள் நான். அன்றைக்கு உன் தொண்டைக்குள் நுழைந்து பாடினேன். அதில் எனக்குச் சந்தோஷம் இருந்தது. உன் அம்மாவுக்காகச் செய்தேன் என்று பிறகு எத்தனையோ தடவை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்தச் சந்தோஷம் குறுக்கே வந்து நிற்கிறது.

உன் அம்மா வந்தார். ஹெட்போன் வேண்டாம், வெளியிலேயே போடு என்றார். முதல் சரணத்தில், நிறம் எது என்று நீ கேட்ட இடத்தில், தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாவது சரணம் வந்தது. 'கோபமில்லை' என்றதும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். முடிந்ததும் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கோவம் இல்லன்னு சொல்லிட்டா கண்ணு. அது போதும். நான் பேசின பேச்சுக்கு அது போதும்."

தன் போனில் ஏற்றித் தரச் சொன்னார். ஏற்றிக் கொடுத்தேன். கடையில் உடன் வேலை செய்யும் பெண்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினாராம். ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தார். எதிரில் பார்த்தால் சிரித்தார். நான் செய்தது சரிதான் என்று கொஞ்ச காலம் நம்பினேன்.

பிறகு ஒருநாள் கடைத்தெருவில் என்னை நிறுத்தினார். முகம் வேறு மாதிரி இருந்தது.

"ஏம்மா, போய்வரேன்னு பாடியிருக்குதே. காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி பாடினதுதானே அது?"

"ஆமா ஆன்ட்டி."

"அப்போ அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. போவப் போறோம்னு முன்னாடியே தெரிஞ்சிருக்குது. உன்கிட்டயாவது சொன்னாளா?"

"அப்படியெல்லாம் இல்ல ஆன்ட்டி. பாட்டுன்னா சும்மா அப்படி எழுதறதுதான்."

அவர் நம்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய், உனக்கு முன்னாலேயே ஏதாவது வியாதி இருந்ததா என்று கேட்டிருக்கிறார். ஐயம்பேட்டையில் உன் அறை வீட்டுக்காரம்மாவிடம் போய், நீ காய்ச்சல் மாத்திரையைச் சாப்பிட்டாயா, வேண்டுமென்றே விட்டுவிட்டாயா என்று விசாரித்திருக்கிறார். கடையில் புடவையை விரித்த கையோடு நின்றுவிடுகிறார் என்று அங்கே வேலை செய்யும் ஒரு பெண் ஸ்டுடியோ வரைக்கும் வந்து சொன்னாள். "தெரிஞ்சே போயிட்டா, தெரிஞ்சே போயிட்டான்னு சொல்லிக்கினே இருக்குது அக்கா. நீங்கதான் வந்து பேசணும்." ராகத்துக்கு அழகாக இருக்கிறது என்று நான் சேர்த்த ஒரு சொல். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு தாய், தன் பேச்சால்தான் மகள் சாவைத் தேடிக்கொண்டாள் என்ற இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அவருடைய வார விடுமுறை நாளில், மதியம், உங்கள் வீட்டுக்குப் போனேன். காபி போட எழுந்தவரை உட்காரச் சொன்னேன்.

"ஆன்ட்டி, அந்த ரெண்டாவது சரணம் அவ பாடல."

"இன்னாம்மா சொல்ற? அவ குரல் எனக்குத் தெரியாதா?"

"குரலு மாதிரி பண்ணது. கம்ப்யூட்டர்ல. வார்த்தை நான் எழுதினது. நான்தான் பாடினேன். அவ அதுக்கு வார்த்தையே எழுதல. போய்வரேன்னு அவ சொல்லவே இல்ல ஆன்ட்டி. அவளுக்கு எதுவும் தெரியாது. அடுத்த நாள் வரேன்னுதான் சொல்லிட்டுப் போனா."

அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. நீ சாவைத் தேடிப் போகவில்லை என்பது புரிந்ததும் அவர் முகம் தளரும் என்று நினைத்தேன். தளர்ந்தது. உடனே வேறொன்று அந்த முகத்தில் ஏறியது.

"அப்போ, கோவம் இல்லன்னு சொன்னது?"

"அதுவும் நான் எழுதினதுதான்."

"அவ சொல்லல."

"சொல்லல."

அவர் என்னையே பார்த்தார். குரல் உயரவில்லை. "எம் பொண்ணு எனக்குக் குடுக்காத மன்னிப்பக் குடுக்க நீ யாருடி?"

அவருக்காக மட்டுமில்லை, உனக்காகவும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் அவர்தான், கேட்டுவிட்டார்.

தன் போனை என் பக்கம் தள்ளினார். "அத அழிச்சிடு. அவ பாடினது மட்டும் இருந்தா போடு."

அழித்தேன். என் போனிலிருந்த அசலைப் போட்டேன். முதல் சரணம். அப்புறம் வார்த்தையில்லாத அந்த முணுமுணுப்பு. கடைசியில் உன் செருமல், 'நாளைக்கு வரேன்' என்ற உன் பேச்சு. அவர் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டார். அழவில்லை.

"நெறம் இன்னான்னு நான் கேக்கல" என்றார், என்னிடம் இல்லை. "ஊர்ப் பொண்ணுங்களுக்கெல்லாம் கேட்டேன். இவளைக் கேக்கல."

பிறகு என்னைப் பார்க்காமலே, "நீ கெளம்பு" என்றார்.

கடைத்தெருவில் அடுத்து எதிர்ப்பட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். பல நாள் கழித்து ஒரு காலையில் ஸ்டுடியோ படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. உள்ளே வந்து, நீ வழக்கமாக உட்காரும் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். "அவ பாடின மத்ததெல்லாம் இருக்குதா? அந்தப் பேய்ப் பாட்டுங்க?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அப்பா சட்டைப் பாட்டை முதலில் போடச் சொன்னார். இந்தத் தடவை முழுதும் கேட்டார். முடிந்ததும், "ஆமா, அந்த ஆணி இன்னும் அங்கதான் இருக்குது" என்று மட்டும் சொன்னார்.

இப்போது வேலைக்குப் போகும் வழியில் அவ்வப்போது வருகிறார். ஒவ்வொரு பாட்டாகக் கேட்கிறார். என்னோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை. கண்ணு என்று கூப்பிடுவதில்லை. உன் பதில் பாட்டை, பாதிப் பாட்டாகவே, மற்றவற்றோடு சேர்த்து இணையத்தில் ஏற்றலாமா என்று அவரிடம்தான் கேட்டேன். "அவ எப்படி விட்டாளோ அப்படியே போடு. ஒரு எழுத்து சேக்காத" என்றார். அப்படியே போட்டேன். கேட்பவர்களில் சிலர், இரண்டாவது சரணத்துக்கு ஏன் வார்த்தை இல்லை என்று கேட்டு எழுதுகிறார்கள். அவள் எழுதவில்லை என்று பதில் போடுகிறேன்.

அந்தப் போலியை என் கம்ப்யூட்டரிலிருந்தும் அழித்துவிட்டேன். எங்கும் அதன் பிரதி இல்லை. ஆனால் உன்னிடம் ஒளிக்க முடியாதது ஒன்று மிச்சமிருக்கிறது. உன் மெட்டை அசலாகப் போட்டுக் கேட்கிறேன். உதடு மூடியபடி நீ பாடுகிறாய். கோபமாகப் பாடினாயா, இரங்கிப் பாடினாயா என்று கண்டுபிடிக்கக் கண்ணை மூடிக் கவனிக்கிறேன். அந்த ஒன்றையாவது உன் அம்மாவுக்குச் சொல்ல முடிந்தால் நல்லது என்று நினைக்கிறேன். முடியவில்லை. நான் எழுதிய வார்த்தைகள் தாமாக வந்து அந்த மெட்டின் மேல் உட்கார்ந்துகொள்கின்றன. கோபமில்லை, கோபமில்லை என்று உன் குரல் என் காதுக்குள் பாடுகிறது. பாடுவது நான் என்று எனக்குத் தெரியும்.